காற்றில்லாத நாள்

எங்கள் ஏரியில் மொத்தம் நாற்பத்தொரு பேருக்கு மீன்பிடி லைசென்ஸ் இருக்கிறது. நாற்பத்தொரு பேரும் ஒரே இடத்தில்தான் மீன் பிடிக்கிறோம். ஏரி நடுவில். நான் சொல்லவில்லை, பதிவுப் புத்தகம் சொல்கிறது.

மீன்வளத் துறை எங்கள் ஒவ்வொருவருக்கும் பச்சை அட்டை போட்ட புத்தகம் ஒன்று கொடுத்திருக்கிறது. தேதி, இடம், என்ன மீன், எத்தனை கிலோ, கையெழுத்து. தேதியை எல்லோரும் சரியாக எழுதுவோம். கிலோ கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இடம் என்ற கட்டத்தில் மட்டும் ஒருத்தரும் உண்மையை எழுதியதில்லை. அந்தப் புத்தகங்கள் மாதக் கடைசி வரைக்கும் சங்கத்து மேஜை மேல்தான் கிடக்கும், டீ குடிக்க வருகிற ஆளெல்லாம் புரட்டிப் பார்ப்பான். மீன் கிடைக்கிற இடத்தை அதில் எழுதுவதும், வீட்டைப் பூட்டிச் சாவியை வாசலில் தொங்கவிடுவதும் ஒன்றுதான். அதனால் 'ஏரி நடுவில்' என்று எழுதிவிடுவோம். அங்கே ஆழம் அதிகம், வலை அடி தொடாது, தவளைகூட இருக்காது.

என் உண்மையான இடம் நாணல் மடு. தெற்கு மூலையில் சின்ன ஆறு வந்து ஏரியில் விழுகிற இடத்தில் நாணல் சுவர் மாதிரி வளர்ந்திருக்கும். அதில் ஒரு படகு மட்டும் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. உள்ளே போனால் ஒரு விளையாட்டு மைதானம் அளவுக்குத் தண்ணீர். வெளியிலிருந்து பார்த்தால் அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. அங்கே கிடைக்கிற கெண்டையும் கெளுத்தியும்தான் பன்னிரண்டு வருஷமாக எங்களுக்குச் சோறு போடுகின்றன. மற்ற நாட்களில் நானும் என் வீட்டுக்காரரும் பாறைமுனையில் வலை போட்டு, பூனைக்குக்கூடக் காணாத மீனோடு திரும்புவோம்.

மற்ற நாட்கள் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏரி கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது, இரண்டு பக்கமும் மலை. அதனால் இங்கே காற்று இரண்டே வகை, மேற்கிலிருந்து வந்தால் மேல்காற்று, கிழக்கிலிருந்து வந்தால் கீழ்காற்று. நாணல் மடுவை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் என் அப்பா. காட்டும்போதே ரகசியமும் சொன்னார்.

"காலைல எந்திரிச்சதும் மேல்காத்து இருந்தா மட்டும் போ. அப்பதான் மீன் உள்ள ஏறும். கீழ்காத்துல போனா வெறும் தண்ணியத்தான் அள்ளணும், எஞ்சின்ல புல்லு வேற சிக்கும். காத்தே இல்லாத நாள்ல போகவே போகாத. எஞ்சின் சத்தம் ஏரி முழுக்கக் கேக்கும், அப்புறம் அது உன் இடம் இல்ல, ஊரு இடம்."

"அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அவனுக்கு ஏன் சொல்றேன்? உனக்கு மட்டும்தான். செத்தாலும் அவன்கிட்ட மூச்சு விடாத."

மூச்சு விடுகிற நிலையில் நாங்கள் இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் அப்பா முட்டிவலி என்று சொல்லித் தொழிலை விட்டிருந்தார். அவரிடம் இருந்தது ஒரு படகு, ஒரு எஞ்சின். அண்ணன் இரண்டும் தனக்கு என்றான். "பொம்பளைக்கு எதுக்குடி எஞ்சின்?" என்று படகுத்துறையில் பத்துப் பேர் முன்னால் கேட்டான். நான் அப்படியே எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். தோள் ஒரு வாரம் வலித்தது, அது வேறு விஷயம். படகு அவனிடமும் எஞ்சின் என்னிடமும் போய், ஆளுக்குப் பாதியைப் புதிதாக வாங்கிச் சேர்த்துக்கொண்டோம். அன்றோடு பேச்சு நின்றது.

அதற்குப் பிறகு நாலு வருஷம் அப்பா இருந்தார். துடுப்பு போட்ட ஒரு சின்ன ஓடத்தை வைத்துக்கொண்டு, சும்மா கரையோரம் சுற்றிவிட்டு வருவார். அவ்வப்போது இரண்டு மீனைக் கொண்டுவந்து என் அடுப்படியில் போடுவார். ஏதென்று கேட்டால், "ஏலக்கூடத்துல கொடுத்தாங்க" என்பார். அவர் போன அன்றைக்குக்கூட அண்ணன் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும்தான் நின்றோம்.

இந்த வருஷம் சங்கத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். சுற்றுலாப் படகுகளுக்குப் புதிய துறை கட்டப்போகிறார்களாம். இடம், தெற்கு மூலை. நாணலை வெட்டி, மண்ணை வாரி, ஆழப்படுத்துவார்களாம். காரணமும் போட்டிருந்தார்கள்: 'பதிவுப் புத்தகங்களின்படி இங்கே மீன்பிடி நடப்பதில்லை.'

நோட்டீஸை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்க முடியவில்லை, எழுத்து ஆடியது. ஊரை ஏமாற்ற எழுதிய பொய்யை அரசாங்கம் நம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைதான் ஒதுக்கீடு. வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டே, "கூட்டத்துல சொல்லிடு" என்றார்.

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? பொய்ப் பதிவுக்கு முப்பது நாள் லைசென்ஸ் நிறுத்திடுவாங்க. மீன் நல்லாப் படுற மாசம் இது. போதாக்குறைக்கு நாப்பது படகும் நாளைக்கே மடுவுல வந்து நிக்கும்."

"சொல்லலைன்னா?"

"மடுவே இருக்காது."

"அப்புறம் என்ன," என்று சொல்லிவிட்டுப் பாசியைப் பிய்க்கப் போய்விட்டார். அன்றைய ஒதுக்கீடு முடிந்தது. எனக்குத்தான் மூன்று நாள் சோறு இறங்கவில்லை. என் வாயாலேயே என் இடத்தை ஊருக்கு அவிழ்த்துக் கொட்ட வேண்டுமே.

கூட்டம் சங்கத்துக் கட்டடத்தில் காலை பத்து மணிக்கு. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு ஃபேன், சுவரில் வெளிச்சம் அடித்துக் காட்டிய ஏரி வரைபடம். சங்கத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் மைக். அதைப் பிடித்தால் விடமாட்டார். அன்றைக்கும் அரை மணி நேரம் விடவில்லை. துறை வந்தால் ஊர் எங்கேயோ போய்விடும் என்றார். எங்கே போகும் என்று சொல்லவில்லை.

பிறகு மீன்வளத் துறை ஆபீசரம்மா எழுந்தார். சின்ன வயதுதான், மாற்றலாகி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வரைபடத்தில் ஏரி நடுவே பூசணிக்காய் மாதிரி ஒரு பெரிய சிவப்பு வட்டம்.

"பத்து வருஷப் பதிவையும் சேர்த்துப் பார்த்தேன்," என்றார். "நடு ஏரியில மட்டும் இவ்வளவு மீன் கிடைக்குது. இவ்வளவு ஆழத்துல எப்படின்னு எனக்குப் புரியவே இல்ல. இதைப் பத்தி ரெண்டு பக்கம் கட்டுரைகூட எழுதியிருக்கேன்."

நாற்பத்தொரு பேரும் தரையைப் பார்த்தோம். யாரோ இருமினார்கள். பாவம் அந்தப் பெண், தவளைகூட இல்லாத தண்ணீரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறது.

"தெற்கு மூலையில ஒரு பதிவுகூட இல்ல. அதனால படகுத்துறைக்கு எங்க பக்கம் தடை இல்லைன்னு எழுதப்போறேன். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

யாராவது எழுந்திருப்பார்கள் என்று பார்த்தேன். எவன் எழுந்திருப்பான்? அது என் இடம் அல்லவா. வீட்டுக்காரர் என் முழங்கையை லேசாக இடித்தார். எழுந்தேன்.

"எனக்கு இருக்கு."

"சொல்லுங்கம்மா."

"அங்க மீன் இருக்கு. நாணலுக்குள்ள ஒரு மடு இருக்கு. நான் பன்னெண்டு வருஷமா அங்கதான் பிடிக்கிறேன்."

ஆபீசரம்மா என் புத்தகத்தைத் தேடி எடுத்துப் புரட்டினார். "ஏரி நடுவில், ஏரி நடுவில், ஏரி நடுவில்னுல்ல எழுதியிருக்கீங்க?"

"பொய்," என்றேன். சொன்ன பிறகு அவ்வளவு கஷ்டமாக இல்லை. "அந்தப் பூசணிக்கா முழுக்கப் பொய்தான் மேடம். நான் என்னுதை மட்டும் ஒத்துக்கறேன். மத்தவங்களை நீங்களே கேட்டுக்கங்க."

கூடத்தில் சலசலப்பு. மைக் மைக்கைத் தேடினார். ஆபீசரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது, கட்டுரையை நினைத்திருப்பார். ஆனால் கெட்டிக்காரப் பெண், உடனே கேள்விக்கு வந்துவிட்டார்.

"எல்லா நாளும் கிடைக்குமா?"

"இல்ல. மேல்காத்து அடிக்கிற அன்னைக்கு மட்டும்தான் மீன் உள்ள வரும்."

"அப்படின்னா அது வந்து போற மீன். இனப்பெருக்கத்துக்கு அங்கேயே தங்குற மீனா இருந்தாத்தான் நான் திட்டத்தை மாத்தச் சொல்லி எழுத முடியும். வந்து போற மீன் வேற எங்கயாவது போயிடும்மா. மன்னிக்கணும்."

உட்காரவும் தோன்றவில்லை, நிற்கவும் தோன்றவில்லை. இடத்தையும் சொல்லிவிட்டேன், முப்பது நாளும் போயிற்று, மடுவும் போயிற்று. இதைவிட ஒருத்தி எப்படி ஏமாற முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கீழ்காத்துலயும் மீன் இருக்கு."

திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. பன்னிரண்டு வருஷமாகக் கேட்காத குரல்தான், மறந்துவிடுமா?

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் ஆபீசரம்மா.

அண்ணன் கதவோரத்தில் எழுந்து நின்றான். "நான்தான் பிடிக்கிறேன். கீழ்காத்து அன்னைக்கு மட்டும். பன்னெண்டு வருஷமா."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "அது என் இடம்!" என்று கத்திவிட்டேன். "திருடா! அப்பா எனக்கு மட்டும்தான் சொன்னாரு!"

"எனக்கு மட்டும்தான் சொன்னாரு," என்றான் அவன். "உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. மேல்காத்துல போனா வெறும் தண்ணிதான் கிடைக்கும்னாரு."

"எஞ்சின்ல புல்லு சிக்கும்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

கூடமே சிரித்தது. சிரிக்காதவர்கள் நாங்கள் இரண்டு பேரும் ஆபீசரம்மாவும்தான். வீட்டுக்காரர் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டு, "மாமா பெரிய ஆளு" என்றார். அன்றைய ஒதுக்கீட்டில் மூன்றை இதற்குச் செலவழித்தார்.

பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் கீழ்காற்றில் அங்கே போய்ச் சோதித்துப் பார்க்கவில்லை. அவனும் மேல்காற்றில் பார்க்கவில்லை. ஏரியையும் ஆபீசையும் ஊரையும் ஏமாற்றத் தெரிந்த எங்களுக்கு, அப்பா சொன்னதைச் சந்தேகப்படத் தெரியவில்லை. இத்தனைக்கும் ஒரு நாள் மடுவின் ஓரத்தில் நீலப் பாட்டில் மிதவை ஒன்று கிடைத்தது. நீல மிதவை கட்டுகிறவன் ஏரியிலேயே அண்ணன் ஒருத்தன்தான். காற்று கொண்டுவந்து சேர்த்திருக்கும் என்று நினைத்து என் வலையில் கட்டிக்கொண்டேன். நாணல் வளைந்து கிடந்தால் நீர்நாய் என்று நினைத்தேன். புத்தி அவ்வளவுதான்.

ஆபீசரம்மா மறுநாள் இருவரையும் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். இரண்டு பேருக்கும் முப்பது நாள் லைசென்ஸ் நிறுத்தம் என்று எழுதிய காகிதத்தை முதலில் நீட்டினார். கையெழுத்துப் போட்டோம். பிறகு, "உண்மையான பதிவு எங்கயாவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

வைத்திருந்தோம். இந்தத் தொழிலில் பொய்யை ஓரிடத்தில் எழுதுகிறவன் உண்மையை இன்னோரிடத்தில் எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் எந்த மாதம் எங்கே போவது என்று தெரியாது. நான் சமையலறை காலண்டர்களின் பின்பக்கம் எழுதி, பழைய காலண்டர்களைப் பரண் மேல் கட்டிப் போட்டிருந்தேன். அண்ணன் பள்ளிக்கூட நோட்டுகளில் எழுதியிருந்தான். அவன் கையெழுத்து இன்னும் கோழி கிளறினது போலத்தான் இருந்தது.

ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். நடுவில் ஆபீசரம்மா ஒரு பெரிய தாளில் ஒவ்வொரு வருஷத்துக்கும் தேதி வாரியாகக் கட்டம் போட்டிருந்தார். நான் என் தேதியைப் படிப்பேன், அவன் தன் தேதியைப் படிப்பான், அவர் நிரப்புவார். முதல் அரை மணி நேரம் அவரைப் பார்த்தே பேசினோம்.

"மூணாம் தேதி, கெண்டை, பதினாலு கிலோ."

"நாலாம் தேதி, கெளுத்தி ஒம்பது."

"அஞ்சு, ஆறு, ஏழு, எனக்கு."

"எட்டு எனக்கு. அன்னைக்கு ஒரு மிதவை வேற விட்டுட்டேன்."

"நீலம்தானே? என்கிட்டதான் இருக்கு," என்றேன்.

அவன் முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தான். "நாலு வருஷமாத் தேடறேன்," என்றான்.

தாள் நிரம்ப நிரம்ப எனக்கு விஷயம் உறைத்தது. அவன் விட்ட நாளில் நான் இருந்தேன், நான் விட்ட நாளில் அவன் இருந்தான். ஒரு தேதிகூட இரண்டு பேருக்கும் பொதுவாக இல்லை. படகுத்துறையில் நாங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்ட பிறகு, எங்களுக்குத் தெரியாமலே அப்பா மடுவைக் காற்றால் இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி கொடுத்திருக்கிறார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வயிறு நிறைய வேண்டும் என்று ஏற்பாடு.

ஆபீசரம்மா பேனாவால் சில கட்டங்களைத் தட்டினார். "மாசத்துக்கு ரெண்டு மூணு நாள் காலியா இருக்கே. அன்னைக்கு யாரும் போகலையா?"

"காத்து இல்லாத நாள்," என்றேன். "அன்னைக்குப் போகக்கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு. சத்தம் கேக்கும்னு."

"எனக்கும் அதேதான்," என்றான் அண்ணன். பிறகு நோட்டை மூடிவிட்டு யோசித்தான். "காத்தில்லாத நாள்லதான் அப்பா எங்க வீட்டுக்கு மீன் கொண்டு வருவாரு. ஏலக்கூடத்துல கொடுத்தாங்கன்னு சொல்லி."

"ரெண்டு கெண்டையா?"

"ரெண்டு கெண்டை."

"எங்க வீட்டுக்கும் அப்படித்தான்."

"ஏலக்கூடத்துல எவன் சும்மா கொடுப்பான்?" என்றான்.

உண்மைதான். ஏலக்கூடத்தில் ஒரு செதிலைக்கூடச் சும்மா தரமாட்டார்கள். முட்டிவலிக்காரருக்குக் காற்றில்லாத தண்ணீரில் துடுப்புப் போடுவது பெரிய காரியம் இல்லை. எஞ்சின் இல்லாத ஓடத்துக்குச் சத்தமும் இல்லை. மூன்றாவது பங்கை அவர் தனக்கு வைத்துக்கொண்டிருக்கிறார். வைத்துக்கொண்டதையும் பாதி பாதியாக எங்கள் இரண்டு அடுப்படியிலும் கொண்டுவந்து போட்டிருக்கிறார்.

எனக்கு அழுகை வந்தது. அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து அழுகிற வழக்கம் எனக்கில்லை, அன்றைக்கு அழுதேன். அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். ஆபீசரம்மா ஒன்றும் புரியாமல், "அவர் லைசென்ஸ் நம்பர் தெரியுமா?" என்று கேட்டார்.

"அப்ப அவருக்கு லைசென்ஸ் இல்ல. தூண்டில்தான் போட்டிருப்பாரு."

"தூண்டிலுக்கு லைசென்ஸ் தேவையில்லம்மா."

"அப்படின்னா எங்க குடும்பத்துலயே சட்டப்படி மீன் பிடிச்ச ஒரே ஆள் அவருதான்," என்றான் அண்ணன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். அழுகையும் சிரிப்புமாக இருந்த எங்களைப் பார்த்து ஆபீசரம்மா தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

காலிக் கட்டங்களை நேரில் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும் என்றார். எட்டு நாள் காத்திருந்தோம். ஒன்பதாம் நாள் காலையில் ஓர் இலைகூட அசையவில்லை. அண்ணனின் படகில் மூன்று பேரும் போனோம். அது அப்பாவின் பழைய படகு. எஞ்சினைத் தொடவில்லை, அவன் ஒரு துடுப்பு, நான் ஒரு துடுப்பு. ஆரம்பத்தில் படகு ஒரே இடத்தில் சுற்றியது, இரண்டு பேருக்கும் தன் இஷ்டப்படி இழுத்துத்தான் பழக்கம். நாணல் சந்துக்குப் போவதற்குள் ஒரு மாதிரி சரிக்கட்டிவிட்டோம்.

உள்ளே தண்ணீர் தெளிந்து அடி தெரிந்தது. கெண்டைகள் நாணல் வேரோரம் உரசி உரசித் திரிந்தன. வேர் முழுக்க முட்டை. ஆபீசரம்மா படகின் விளிம்பில் குப்புறப் படுத்து எண்ணினார். நானூறு வரைக்கும் எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டார். இந்த முறை கட்டுரைக்கு நல்ல விஷயம் கிடைத்தது அவருக்கு.

பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. சுற்றுலாப் படகுத்துறையை வடகரைக்கு மாற்றிவிட்டார்கள். நாணல் மடு இனி மீன் பெருகும் பாதுகாப்பு இடம், உள்ளே யாரும் எந்தக் காற்றிலும் வலை போடக்கூடாது. நாற்பது படகும் வந்து நிற்குமே என்று பயந்தேன், அந்தப் பயம் போயிற்று. கூடவே என் மடுவும் போயிற்று. அன்றைக்கு முழுக்க ஆபீசரம்மாவைத் திட்டிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் களைத்துப்போய் நிறுத்தினேன். மடு அழியாமல் இருக்கிறது, அது போதும் என்று சொல்லிக்கொண்டேன். முழுக்கப் போதவில்லை, அதுவும் உண்மை.

லைசென்ஸ் நிறுத்தம் முடிய இரண்டு நாள் பாக்கி இருந்தது. நான் வாசலில் உட்கார்ந்து வலையில் கிழிந்த கண்ணிகளை முடிந்துகொண்டிருந்தேன். காலை ஒன்பது மணி இருக்கும். தெருவில் அண்ணன் வந்தான். பன்னிரண்டு வருஷத்தில் என் வீட்டுப் பக்கம் அவன் வருவது இதுதான் முதல் தடவை. கால்சட்டை முட்டி வரைக்கும் நனைந்திருந்தது. கையில் ஈரச் சாக்கில் சுற்றிய பொட்டலம். அதை என் பக்கத்தில் வைத்துப் பிரித்தான். இரண்டு கெண்டை. இரண்டின் உதட்டிலும் தூண்டில் முள் குத்திய காயம் பச்சையாக இருந்தது.

"ஏதுண்ணே?" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பொய் சொல்லும்போது அப்பாவும் பார்க்கமாட்டார்.

"ஏலக்கூடத்துல கொடுத்தாங்க."

நான் கொடியைப் பார்த்தேன். காயப்போட்ட துணி ஒன்றுகூட அசையவில்லை.

"அப்படியா," என்று சொல்லி மீனை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "உள்ள வா."